பழவேற்காட்டில் யார் பெயர் முதலில்?

பழவேற்காட்டைப் பற்றி ஏன் இன்னும் எழுதவில்லை என்று இந்த வலைப்பூவில் பலர் கேட்டுவிட்டார்கள். பூநாரைகளைப் பற்றி எழுத ஊரில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். எனக்கென்று ஒரு காரணம் வேண்டாமா? அந்தக் காரணம் போன மாசி மாதத்தில் என் அலுவலகக் கணினிக்குள்ளேயே வந்து உட்கார்ந்தது.

புதிதாகப் படிக்க வந்தவர்களுக்கு என் பிழைப்பைச் சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டு ஆய்விதழ்கள் கணிசமானவை சென்னையில்தான் பக்கம் கட்டி அச்சுக்குத் தயாராகின்றன. நான் வேலை பார்ப்பது அப்படியொரு இடத்தில். கட்டுரைகளைச் சரிபார்த்து எழுதியவர்களிடம் கேள்வி கேட்பது என் வேலை. மூன்றாவது அட்டவணை எங்கே, இந்த ஆண்டு சரிதானா, இவர் பெயரை இப்படித்தான் போட வேண்டுமா என்று பதினோரு வருடமாகக் கேள்வி கேட்டே சம்பளம் வாங்குகிறேன். கல்யாண வீடுகளில் "ஓ, டைப்பிங்கா?" என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்வதை எப்போதோ நிறுத்திவிட்டேன்.

இந்த வேலையின் தனிச் சுகம் அடிக்குறிப்புகள். கல்விமான்கள் தங்கள் விளையாட்டுப் புத்தியை எல்லாம் அங்கேதான் ஒளித்துவைப்பார்கள். விசைப்பலகை மேல் நடந்து உதவிய பூனைக்கு நன்றி சொன்ன கட்டுரை ஒன்று என் கைக்கு வந்திருக்கிறது. யார் பெயர் முதலில் வருவது என்ற தகராறை நாணயம் சுண்டித் தீர்த்துக்கொண்ட இரண்டு கணிதக்காரர்களையும் பார்த்திருக்கிறேன். ஆய்வுலகில் முதல் பெயர் என்பது லேசுப்பட்ட விஷயம் இல்லை. கட்டுரை காலத்துக்கும் அந்தப் பெயரால்தான் அழைக்கப்படும்.

அப்படி வந்ததுதான் இறால் பற்றிய இந்தக் கட்டுரை. ஏரியின் முகத்துவாரம் மண் மூடிக் கிடக்கும் மாதங்களில் வலையில் விழும் இறால் எவ்வளவு நீளம், திறந்திருக்கும் மாதங்களில் எவ்வளவு நீளம் என்று இரண்டு வருடம் அளந்து எழுதியது. ஐந்து ஆசிரியர்கள். முதல் பெயர் தேசராணி. பெயருக்குக் கீழே பல்கலைக்கழகம் இருக்க வேண்டிய இடத்தில் "மீன் ஏலக்கூடம், பழவேற்காடு ஏரி" என்று இருந்தது. அடிக்குறிப்பில் ஒரே வரி: ஆசிரியர் வரிசை ஊரின் பாடு முறைப்படி குலுக்கலில் முடிவு செய்யப்பட்டது. எனக்கு மூக்கு வியர்த்துவிட்டது. "பாடு முறை என்றால் என்ன? வரிசையை உறுதி செய்யவும்" என்று கேள்வி அனுப்பினேன்.

பதில் தொலைபேசியில் வந்தது. பேசியவர் நஸீமா, ஐந்து ஆசிரியர்களில் ஒருவர். பழவேற்காட்டிலேயே பிறந்து வளர்ந்து இப்போது முனைவர் பட்ட ஆய்வு செய்கிற பெண். "அக்கா, போன்ல சொன்னா புரியாது. ஞாயித்துக்கிழம வாங்க. நண்டு வாங்கி வெச்சிடறேன்" என்றார். கட்டுரையின் திருத்திய அச்சுப்படி திங்கட்கிழமை ஆய்விதழுக்குப் போய்ச் சேர வேண்டும். மேலாளரிடம் சொன்னேன். "போ, ஆனா உன் சொந்தச் செலவு" என்றார். நண்டு என்ற சொல்லை அவரிடம் நான் எடுக்கவில்லை.

போகிறவர்களுக்கு வழி சொல்கிறேன். சென்ட்ரலுக்குப் பக்கத்திலிருக்கும் மூர் மார்க்கெட் நிலையத்தில் கும்மிடிப்பூண்டி புறநகர் ரயிலில் காலை ஆறரை மணிவாக்கில் ஏறினேன். ஒரு மணி நேரத்துக்குள் பொன்னேரி. டிக்கெட் பத்து ரூபாய். பொன்னேரியிலிருந்து பழவேற்காடு பதினெட்டு கிலோமீட்டர் சொச்சம். திருப்பாலைவனம் வழியாகப் பஸ் போகிறது. சாதா பஸ்ஸாக இருந்தால் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. வழி நெடுக நெல் வயல். திருப்பாலைவனம் தாண்டியதும் காற்றில் உப்பு வாடை சேர்ந்துகொள்ளும். ஜன்னல் ஓர இடம் கிடைத்தால் விடாதீர்கள்.

பழவேற்காடு பஸ் நிலையத்தில் இறங்கியதும் ஒரு ஆட்டோக்காரர் பிடித்துக்கொண்டார்.

"இன்னா மேடம், பேர்ட்ஸ் பாக்கவா?"

"இல்லைங்க."

"டச்சு சமாதியா?"

"அதுவும் இல்லை. ஒரு புத்தக விஷயமா வந்தேன்."

அவர் வண்டியை உதைக்காமல் என்னைத் திரும்பிப் பார்த்தார். "இங்க பறவ கீது, சமாதி கீது, நண்டு கீது. புக்கு எங்க கீது?" என்றார். குப்பத்தின் பெயரைச் சொன்னதும் முகம் மலர்ந்துவிட்டது. "அட, நம்ப தேசராணி மேட்டரா? ஒக்காருங்க." அறுபது ரூபாய் சொன்னார், ஐம்பதுக்கு வந்தார். வழியெல்லாம் தேசராணி தன் சித்தப்பா வீட்டுச் சம்பந்தி வழியில் உறவு என்று விளக்கிக்கொண்டே வந்தார். அந்த உறவு எனக்கு இன்னமும் பிடிபடவில்லை.

குப்பத்தின் பெயரை எழுத வேண்டாம் என்று அங்கே கேட்டுக்கொண்டார்கள். நீங்கள் எல்லோரும் கும்பலாகப் போய்ச் செல்ஃபி எடுப்பீர்கள் என்ற பயம். நியாயமான பயம்தான். ஏரிக்கரையில் தகரக் கூரை போட்ட ஏலக்கூடம், பக்கத்திலேயே ஒரு டீக்கடை, கரையில் வரிசையாக ஃபைபர் படகுகள் என்று சொன்னால் போதும்.

ஏலக்கூடத்தின் வாசலில் ஒருவர் ஏணி மேல் நின்று ஃபிளெக்ஸ் பேனர் கட்டிக்கொண்டிருந்தார். ஒரு மூலை கட்டியாகிவிட்டது, மற்ற மூன்று மூலைகள் காற்றில் அடித்துக்கொண்டிருந்தன. அந்த ஆட்டத்திலும் படிக்க முடிந்தது: "உலக ஆய்விதழில் முதல் ஆசிரியர் தேசராணி அவர்களை வாழ்த்துகிறோம்." அவர் படம் பெரிதாக, மற்ற நால்வரின் படங்கள் கீழே தபால்தலை அளவில். கட்டிக்கொண்டிருந்தவர் தேசராணியின் கணவர் மாரி. பொன்னேரியில் தன் கைக்காசில் அடித்துக்கொண்டு வந்திருந்தார். பதினோரு வருடமாக ஆயிரக்கணக்கான ஆசிரியர்களுக்குக் கேள்வி அனுப்பியிருக்கிறேன். ஒருவருக்குக்கூட ஊரில் பேனர் கட்டிப் பார்த்ததில்லை. என் துறைக்கே கட்டிய பேனர்போல எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

தேசராணி நாற்பது வயதுக்காரர். இறால் தரம் பிரித்து ஏலத்துக்கு அனுப்புகிறவர். எட்டாவது வரை படித்திருக்கிறார். ஆய்வுக்காக இரண்டு வருடமும் ஒவ்வொரு வலையிலிருந்தும் கைக்கு வந்த இறாலை எடுத்து அளவுகோலில் வைத்து நீளம் குறித்தவர் அவர்தான். மற்ற மூவரில் ஒருவர் ஏழுமலை, ஊரின் பாடு முறையை நடத்துகிற பெரியவர். இன்னொருவர் கோவிந்து, வலைக்காரர், வாய் ஓயாதவர். ஐந்தாமவர் நஸீமாவின் பேராசிரியர். அவர் சென்னையில், அன்று தொலைபேசியில் மட்டும் இருந்தார்.

பாடு என்றால் என்ன என்று ஏழுமலைதான் சொன்னார். ஏரியில் இறால் வலை கட்டுவதற்கு என்று இடங்கள் இருக்கின்றன. முகத்துவாரத்துக்குப் பக்கத்து இடம் அள்ளிக் கொடுக்கும், தள்ளிப் போகப் போகக் குறையும். எல்லோருக்கும் நல்ல இடமே வேண்டும் என்றால் அடிதடிதான். அதனால் சீட்டு எழுதிக் குடத்தில் போட்டுக் குலுக்கி எடுப்பார்கள். எடுப்பவர் அந்தப் பாடு முறையில் பங்கில்லாத ஆளாக இருக்க வேண்டும். முதல் சீட்டுக்கு முதல் இடம், இரண்டாவதுக்கு அடுத்த இடம். மறுநாள் எல்லோரும் ஓர் இடம் நகர்வார்கள். நேற்று முதலில் நின்றவர் இன்று கடைசிக்குப் போவார். இப்படிச் சுற்றிக்கொண்டே இருக்கும்.

கட்டுரையில் யார் பெயர் முதலில் என்று ஏழுமலைக்கும் கோவிந்துக்கும் சண்டை வந்திருக்கிறது. ஊரிலேயே ஒரு வழி இருக்கும்போது எதற்குச் சண்டை என்று பாடு போட்டுவிட்டார்கள். அதில் ஒரு சிக்கல். பாடு குலுக்கலில் எந்தக் காலத்திலும் பெண்கள் பெயர் போனதில்லை. ஆசிரியர் ஐந்து பேர் என்றால் ஐந்து சீட்டு என்று பேராசிரியர் பிடிவாதமாகச் சொல்ல, தேசராணியின் பெயரும் நஸீமாவின் பெயரும் குடத்துக்குள் விழுந்தன. டீக்கடைக்காரர் கையைவிட்டு எடுத்த முதல் சீட்டு தேசராணி. அப்புறம் கோவிந்து, பேராசிரியர், ஏழுமலை, கடைசியில் நஸீமா. ஆய்வை ஆரம்பித்தவர் பெயரே கடைசி. "எனக்கு இடம் கெடச்சதே பெருசு அக்கா" என்று நஸீமா சிரித்தார்.

டீ வந்தது. அப்போதுதான் ஏழுமலை அந்தக் கேள்வியைக் கேட்டார்.

"மேடம், ஒரு டவுட்டு. அடுத்த தபா இந்த புக்கு வர்றப்ப கோவிந்து பேரு மொதல்ல வந்துடும்ல?"

எனக்குப் புரியவில்லை. "அடுத்த தடவையா?"

"ஆமா. இப்ப தேசராணி. அடுத்து கோவிந்து, அப்பால புரொபசர் சாரு, அப்பால நானு, அப்பால நஸீமா பாப்பா. சுத்தி வரும்ல?"

நான் சிரித்துவிட்டேன். "சுத்தாதுங்க. அச்சானா அச்சானதுதான். நூறு வருஷம் கழிச்சு எடுத்துப் பார்த்தாலும் தேசராணி பேர்தான் முதல்ல இருக்கும்." அத்தோடு வாயை மூடியிருக்கலாம். தொழில் பெருமை யாரை விட்டது? "வேற யாராவது இந்தக் கட்டுரையைப் பத்தி எழுதினா, ஐந்து பேரையும் எழுத மாட்டாங்க. தேசராணி மற்றும் பிறர்னுதான் எழுதுவாங்க" என்று சேர்த்துச் சொன்னேன்.

டீ கிளாஸ் கோவிந்துவின் வாய்க்குப் போகிற வழியில் நின்றது. "அப்ப நானு பிறரா?" என்றார்.

ஏலக்கூடத்தில் இருந்த பத்துப் பதினைந்து பேர் முகத்திலும் ஈயாடவில்லை. நஸீமா என் காதில், "இத்தன நாள் பழகியும் இது எனக்குத் தோணலயே அக்கா" என்றார். அவருக்கு வரிசை நிரந்தரம் என்பது சொல்லவே தேவையில்லாத விஷயம். அவர்களுக்குச் சுற்றி வரும் என்பது சொல்லவே தேவையில்லாத விஷயம். இரண்டு வருடத்தில் இரு தரப்பும் அதைப் பற்றிப் பேசிக்கொள்ளவே இல்லை.

ஏழுமலை கிளாஸைக் கீழே வைத்தார். "சுத்தாதுன்னா அது பாடே இல்ல. ஒரே ஆளு தெனிக்கும் முகத்துவாரத்தாண்ட வலை கட்டுனா மத்தவன் இன்னா பண்ணுவான்? திருப்பி எடுக்கணும்."

பின்னாலிருந்து ஒரு குரல், "பொம்பள பேர சேத்ததே தப்பு" என்றது. யார் என்று நான் திரும்பிப் பார்ப்பதற்குள் குரலுக்குச் சொந்தக்காரர் தூணுக்குப் பின்னால் போய்விட்டார்.

தேசராணி இறால் கூடையை நகர்த்திவிட்டு எழுந்து நின்றார்.

"மாமா, போன வருசம் மொத பாடு உங்களுக்கு வந்துச்சு. அன்னிக்கின்னு பாத்து தண்ணி சரியில்ல, அரை கூடை கூட தேறல. திருப்பி எடுக்கலாம்னு கேட்டீங்களா? வந்தது வந்ததுதான்னு நீங்கதான சொன்னீங்க?"

தேசராணி கோவிந்து பக்கம் திரும்பினார்.

"ரெண்டு வருசம் எறால அளந்தது நானு. வாலு ஒடஞ்சிருந்தா அத தள்ளிட்டு வேற எறாலு எடுத்து அளந்தேன். சீட்டுல வந்தது என் பேரு. அத யாருக்கும் குடுக்க மாட்டேன்."

மாற்றுவதென்றால் ஐந்து பேரும் சம்மதித்துக் கையெழுத்துப் போட வேண்டும் என்று நான் மெதுவாகச் சொன்னேன். உதவியாக இருக்கும் என்று நினைத்துத்தான் சொன்னேன். அது தேசராணியைத் தனியாக நிற்கவைத்துவிட்டது. "ஊரு சொன்னா போட்டுத்தான் ஆவணும்" என்றார் கோவிந்து. ஏணி மேலிருந்து மாரி கீழே பார்க்காமலேயே, "அவ போட மாட்டா" என்றார். கயிற்றை இழுத்து இரண்டாவது மூலையைக் கட்டினார்.

திங்கட்கிழமை என்ற கெடு என் கையில். நண்டுக்கு ஆசைப்பட்டு வந்த இடத்தில் வாயைக் கொடுத்து ஒரு பெண்ணின் முதல் இடத்துக்கு உலை வைத்துவிட்டேனே என்று நொந்துகொண்டேன். இரண்டு பக்கமும் சரியாகத்தான் பேசினார்கள், அதுதான் சங்கடம். எடுத்த சீட்டு எடுத்ததுதான் என்பதும் பாடு, சுற்றி வர வேண்டும் என்பதும் பாடு.

நஸீமா பேராசிரியரை அழைத்து ஒலிபெருக்கியில் போட்டார். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "என்னைப் பிறர்ல போட்டா எனக்கு ஒண்ணும் வருத்தம் இல்லப்பா. ஆனா தமிழ்ப் புத்தகத்துக்கு என்ன வரிசை? அதை யாரும் யோசிக்கவே இல்லையே" என்றார். இதே ஆய்வைத் தமிழில் சின்னப் புத்தகமாகப் போட்டு ஊருக்கும் சுற்றுவட்டாரப் பள்ளிகளுக்கும் கொடுப்பதாக ஏற்பாடு. அது இன்னும் அச்சுக்குப் போகவில்லை.

தேசராணி சட்டென்று பிடித்துக்கொண்டார். "அப்ப சுத்தறத அதுல சுத்த விடுங்க. இங்கிலீசுல வந்தது வந்தபடி இருக்கட்டும்."

"ஒரு புக்கு எப்டி சுத்தும்?" என்றார் கோவிந்து.

இந்த இடத்தில் நான் நுழைந்தேன். பதினோரு வருட அனுபவம் ஒரு நாளாவது பயன்பட வேண்டாமா? உள்ளே ஒரே புத்தகம், அட்டையும் முதல் பக்கமும் மட்டும் வேறு வேறாக அடிக்கலாம், ஒவ்வொரு அட்டையிலும் ஒருவர் பெயர் முதலில் வரும், அதிகச் செலவில்லை, பக்கம் நானே கட்டித் தருகிறேன் என்று மூச்சுவிடாமல் சொன்னேன். பிறகு கோவிந்து, "அப்ப என் அட்டையில இவரு பிறரு" என்று ஏழுமலையைக் காட்டினார். கூடம் முழுக்கச் சிரித்தது.

ஏழுமலை சிரிக்கவில்லை. விரலை மடக்கிக் கணக்குப் போட்டார். "இங்கிலீசு மொத நாளு, அது தேசராணியுது. தமிழ்ல மொத அட்ட கோவிந்து. ரெண்டாவது சாரு. மூணாவது நானு. நாலாவது பாப்பா." நான்கு விரல் மடங்கிக் கட்டைவிரல் மட்டும் நின்றது.

"அவ்ளோதான், முடிஞ்சிச்சி" என்றது அதே தூண் குரல்.

ஏழுமலைக்குக் கோபம் வந்துவிட்டது. "எங்கடா முடிஞ்சிச்சி? பாடு பாதியில நிக்குமா? சுத்தி வந்தா அடுத்தது தேசராணியுது. அஞ்சாவது அட்ட அவுளுது." கட்டைவிரலையும் மடக்கினார். கொஞ்ச நேரத்துக்கு முன்பு திருப்பி எடுக்கணும் என்று சொன்ன அதே மனிதர்தான். தேசராணி தலையைக் குனிந்து கூடையில் இறாலைத் தரம் பிரிக்க ஆரம்பித்துவிட்டார். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. வாசலில் மாரி மூன்றாவது மூலையையும் நான்காவது மூலையையும் கட்டி முடித்தார்.

மத்தியானம் நஸீமாவின் வீட்டில் நண்டுக் குழம்பு. அதைப் பற்றித் தனியாக ஒரு பதிவு எழுதலாம், எழுதினால் நீங்கள் எல்லோரும் அவர் வீட்டு வாசலில் நிற்பீர்கள். நாலரை மணி பஸ் பிடித்து ஏழு மணிக்குள் சென்ட்ரல் வந்தேன். திங்கட்கிழமை காலை முதல் வேலையாக என் கேள்விக்கு நானே பதில் எழுதினேன்: ஆசிரியர் வரிசை சரி, மாற்றம் இல்லை.

போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். மார்கழியிலிருந்து மாசிவரை நல்ல பருவம், பூநாரைகளும் இருக்கும். காலையிலேயே போய்விடுங்கள், பத்து மணிக்கு மேல் ஏலக்கூடங்களில் வேலை முடிந்துவிடும். படகில் ஏறுவதானால் அனுமதி இருக்கிறதா என்று விசாரித்து, லைஃப் ஜாக்கெட் கொடுத்தால் மட்டும் ஏறுங்கள். நண்டு வாங்கினால் ஐஸ் போட்டு டப்பாவில் அடைத்துக் கொள்ளுங்கள், இல்லாவிட்டால் ரயிலில் உங்களுக்குத் தாராளமாக இடம் கிடைக்கும். தமிழ்ப் புத்தகம் அந்த டீக்கடையில் கிடைக்கிறது. எந்த அட்டை வேண்டும் என்று கேட்காதீர்கள். டீக்கடைக்காரர் சீட்டு எடுத்துத்தான் கொடுப்பார், மாற்றியும் தர மாட்டார். எனக்கு வந்தது கோவிந்து அட்டை. பொன்னேரிப் பக்கத்து நூலகர் ஒருவருக்கு ஐந்தையும் கொடுத்தார்களாம். ஒரு புத்தகத்தை யார் பெயரில் பதிவது என்று அவர் இரண்டு நாள் குழம்பிவிட்டு, ஐந்து பெயரிலும் பதிந்துவிட்டார் என்று கேள்வி. அவர் கையைக் குலுக்க ஒரு முறை போக வேண்டும்.

ஆய்விதழ் வெளியானதும் ஒரு பிரதி அச்செடுத்துக்கொண்டு சித்திரையில் மறுபடி போனேன். பேனர் வெயிலில் வெளுத்து அங்கேயே தொங்கியது. தேசராணி கையைத் துடைத்துக்கொண்டு வாங்கி, இங்கிலீஷ் எழுத்துகளைக் கூட்டித் தன் பெயரைப் படித்தார். பக்கத்தைத் திருப்பினார். கட்டுரைகளில் ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் சின்ன எழுத்தில் முதல் ஆசிரியர் பெயரைப் போட்டு "மற்றும் பிறர்" என்று போடுவது வழக்கம். எனக்கு அது கண்ணிலேயே படாத அளவுக்குப் பழகிய விஷயம். அவர் கண்ணில் பட்டுவிட்டது.

"இங்கியும் என் பேரா?"

"எல்லாப் பக்கத்துலயும்" என்றேன்.

ஒவ்வொரு பக்கமாகத் திருப்பி, தலையில் விரலை வைத்துப் பார்த்துக்கொண்டே போனார். கடைசிப் பக்கம் முடிந்ததும் மறுபடி முதல் பக்கத்துக்கு வந்தார்.

"என் கல்யாணப் பத்திரிகையிலயே என் பேரு ரெண்டாவதுதான் மேடம்" என்றார்.